அப்புத்தளைக்குப் போகும் மருத்துவமாதுக்கு



அப்புத்தளைத் தோட்டங்கள் உன் பிரிவுக்குள் வந்திருப்பதாக அறிந்தேன். குளிருக்குச் சீக்கிரம் பழகிவிடுவாய். லயத்துப் பெண்கள் ஊசியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குப் பழகத்தான் நாள் பிடிக்கும்.

"இது பிள்ளை பொறக்காம ஆக்குற ஊசியா மிஸி?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிடாதே. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் காசு கொடுத்த 1980களைக் கண்ட மாமியார்மார் அந்தக் காம்பராக்களில் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஏற்பு (ரெட்டனஸ்) ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, கிருமியின் விஷத்தை வலுவிழக்கச் செய்து எடுத்தது, தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகிறது என்று பொறுமையாகச் சொல். வீட்டுப் பிரசவத்தில் தொப்புள்கொடி அறுத்த கத்தியாலேயே ஏற்பு வந்து பச்சிளம் பிள்ளைகள் செத்த காலம் ஒன்று இருந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி இங்கே 1969இலிருந்து போடப்படுகிறது. அதைப் போட்ட பிறகும் இரண்டு மூன்று பெற்ற மாமியாரைப் பேசவிடு. உன் விளக்கத்தைவிட அது எடுபடும்.

எல்லா ஊசியும் நல்லது என்று மட்டும் சொல்லாதே. ருபெல்லாவைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போடுவதில்லை. ஆனால் கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் பிள்ளையின் கண், காது, இருதயம் கெடும். ஆகவே கலியாணப் பேச்சு நடக்கும்போதே பெண்ணின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார். போட்டால் ஒரு மாதமாவது கருத்தரிக்க வேண்டாம் என்று சொல். கர்ப்பம் தெரியாமல் போட்டுக்கொண்டவள் அழுதுகொண்டு வந்தால், கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடு. 2021 யூனில் கர்ப்பிணிகளுக்குக் கொரோனாவுக்கான சைனோபாம் ஊசி போடத் தொடங்கியபோது, என் கணிப்பில், 'இது வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவளின் பேச்சைத்தான் பெண்கள் நம்பினார்கள்.

ஊசி போட்ட கை கடுக்கும் என்பதை மறைக்காதே. கொழுந்து எடுப்பவளுக்குக் கை வீங்கினால் கிலோ குறையும், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். கிளினிக்கை லீவுக்கு முதல்நாள் வைக்க முடியுமா என்று தோட்டத்து வைத்தியரோடு பேசு.

ஊசிக்குப் பிறகு காய்ச்சல், மயக்கம் என்று வருகிறவளைப் பனடோலோடு அனுப்பிவிடாமல் எழுதி வை. தடுப்பூசிக்குப் பின் வரும் கோளாறுகளைப் பதியும் முறை 1996இலிருந்து நாட்டில் இருக்கிறது. லயத்துக்குப் போய் விசாரிக்காமல் 'ஒன்றுமில்லை' என்று படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்கு அனுப்பாதே.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மருத்துவமாது