சனிக்கிழமை போய் இறங்காதே

கம்போங் ராஜா

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. செப்டம்பர் கடைசியில் லண்டனுக்குப் படிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்ன நாளிலிருந்து லயத்தில் ஆளுக்கொரு புத்தி சொல்கிறார்கள். ஊறுகாய் பாட்டிலுக்கே பெட்டியில் பாதி இடம் போய்விடும் போலிருக்கிறது. மாமாவுக்கு லண்டன் தெரியாது, தெரிந்ததெல்லாம் படித்ததுதான். ஆனால் அந்த ஊரில் புதிதாகப் போய் இறங்கியவர்களில் இரண்டு பேர் பெரிய ஆட்கள். அவர்கள் கதையைக் கேட்டுவிட்டுப் போ.

முதல் ஆள் காந்தி. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது வயது 18. கப்பலில் கறுப்பு சூட்டோடு காலம் தள்ளிவிட்டு, கரையில் இறங்கும்போது போடலாம் என்று வெள்ளை ஃபிளானல் உடுப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். மாதக் கடைசியில் இங்கிலாந்து வந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெயில் காலம் முடிந்துபோயிருந்தது. சுற்றிலும் பார்த்தால் வெள்ளையில் நிற்பது அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி இல்லை. மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, சாவி உட்பட எல்லாவற்றையும் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டிருந்தார். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, சாமான் கைக்கு வராது. அந்தக் கூச்சத்தைச் சுயசரிதையில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தங்கியது விக்டோரியா ஹோட்டலில். ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் உட்காரும் இடம் போலிருக்கிறது என்று நினைத்தார். கூட வந்த பையன் எதையோ அழுத்தினான். கதவு திறந்தபோது இரண்டாம் மாடி! லிஃப்ட் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. ஒன்று சரியில்லை என்று இன்னொன்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து பில் வந்தது. அரைப்பட்டினி கிடந்தவருக்கு மூன்று பவுன் செலவு. அந்தக் காலத்து மூன்று பவுன், சும்மா இல்லை.

சாயங்காலம், இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். காந்தி அவருக்கு முன்கூட்டியே தந்தி அடித்திருந்தார். அந்த நாளில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்பது மாமாவின் கணக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்துத் தடவினார். தடவியது எதிர்ப்பக்கமாக, தொப்பியின் மயிரெல்லாம் கலைந்துவிட்டது. மேத்தா அங்கேயே பாடம் எடுத்தார்: அடுத்தவர் பொருளைத் தொடாதே, அறிமுகமான உடனே நம்மூர் மாதிரி கேள்விமேல் கேள்வி கேட்காதே, சத்தமாகப் பேசாதே. 130 வருஷத்துக்கு மேல் ஆகியும் பாடம் பழசாகவில்லை. “சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா” என்பதை நம் ஆட்களிடம் வைத்துக்கொள்.

இரண்டாவது ஆள் கணித மேதை ராமானுஜன். அவர் வந்து இறங்கியது 1914 ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை. கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் காரோடு வந்து காத்திருந்தார். நேராக 21 குரோம்வெல் ரோடு. அங்கேதான் இந்திய மாணவர்கள் வந்ததும் தங்குவதற்கு ஓர் இல்லம் இருந்தது. எதிரே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். சில நாள் அங்கே இருந்து ஊரைப் பழகிவிட்டு 18ஆம் தேதி கேம்பிரிட்ஜ் போனார். வார நாளில் வந்ததும், அழைத்துப் போக ஆள் இருந்ததும் எவ்வளவு வித்தியாசம் பார்.

இனி உன் கதைக்கு வருவோம். சிம்பாங் பூலாய் மலைப்பாதை வளைவுகளில் இறங்கி கோலாலம்பூர் போய் விமானம் ஏறும் உனக்குச் சில விஷயங்கள் சுலபம். அங்கும் கார் இடப்பக்கம்தான் ஓடும். நம் மூன்று கால் பிளக்கே அங்கும். மலையில் வளர்ந்த உனக்குக் குளிரும் புதிதில்லை. சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் லண்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஆறு என்றால் உன் உடம்புக்கு நள்ளிரவு ஒன்று. அதனால் முதல் நாளே அரண்மனை, பாலம் என்று அலையாதே. வெளிச்சம் இருக்கும்வரை தங்கும் இடத்தைச் சுற்றி நட, பிறகு தூங்கு.

ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். சனி இரவு போய்ச் சேர்ந்து தலையணையும் வாளியும் வாங்க நினைத்தால் மாட்டிக்கொள்வாய். மாற்றுத்துணி, சாவி, முகவரிச் சீட்டு மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பாதாள ரயில் வரைபடத்தை நம்பித் தூரத்தைக் கணக்குப் போடாதே. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த அந்தப் படம் எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது என்று சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. படத்தைப் பார்த்து அதற்கு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. நீ நடந்துவிடு. இட்லி தேடினால் ஈஸ்ட் ஹாம்; முருகன் கோயிலும் அங்கே பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது அடுத்த வாரத்துக்கு.

ஒன்றை மறந்துவிட்டேன். கேம்பிரிட்ஜில் ராமானுஜன் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்கி, ஓவர்கோட்டோடு படுத்திருக்கிறார். நண்பர் மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், கம்பளிகள் கட்டிலிலேயே இருக்கின்றன. மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, மேலே விரிப்பு மூடியிருக்கிறது. அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மேலேயே படுத்திருக்கிறார், பாவம். ஹாஸ்டல் அறைக்குள் போனதும் முதலில் விரிப்பைத் தூக்கிப் பார்.

அன்புடன்,
மாமா