பச்சையை நம்பி மலையேறாதீர்கள்

வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் வண்டி எடுத்து, விடியலில் ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி, போடியில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் குரங்கணிக்குப் போகும் இளைஞர் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. “அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மாதிரி பாலைவனமா என்ன, நம்ம ஊர் மலைதானே” என்ற தைரியம் பலருக்கு உண்டு. 446 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பெரும்பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலையைப் போடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த உயரமும் ஒரு மைலுக்குக் குறையாது. அங்கே ஆளைச் சாய்க்கும் வெயிலும் வெள்ளமும் இங்கேயும் உண்டு. கூடுதலாகக் காட்டுத்தீயும் உண்டு.

நம்பிக்கை: கம்பம் பள்ளத்தாக்கு எப்போதும் பச்சை, வெயில் உறைக்காது.

உண்மை: அந்தப் பச்சையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். தென்மேற்குப் பருவமழையை இடுக்கி மலைகள் வாங்கிக்கொள்கின்றன. தேனி மழைமறைவுப் பகுதி. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், சுரங்கம் வழியாக மலையைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதை நம்பித்தான் இருக்கிறது. வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் தாண்டி அடிவாரச் சரிவில் கால் வைத்தால் முள்ளும் காய்ந்த புல்லும் சுடுபாறையும்தான். மார்ச் மாதத்தில் அங்கே ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது.

நம்பிக்கை: ஏறுவதுதான் சிரமம், இறங்குவது சும்மா.

உண்மை: உயரே போகப் போக, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். இறங்கும்போது அதே கணக்கு திரும்பி அடிக்கும். காலைக் குளிரில் ஏறியவர், களைத்த காலோடு உச்சிவெயிலில் அடுப்பை நோக்கி இறங்குகிறார். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசையும் முழங்காலும். கால் நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கிராண்ட் கேன்யனில் வரிசை தலைகீழ்: முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். ஒரே நாளில் ஆற்றங்கரை வரை இறங்கித் திரும்ப வேண்டாம் என்றும், கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்றும் அந்தப் பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. பின்னதை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்.

உண்மை: வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. உப்பை ஈடுகட்டாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். வெயிலுக்குப் பயந்து தண்ணீரை மட்டுமே குடித்து இப்படி மயங்கியவர்களை கிராண்ட் கேன்யன் மீட்புக் குழுவினர் தூக்கி வந்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குக் கைமருந்து தேட வேண்டியதில்லை. உப்புப் போட்ட மோர், நீராகாரம், கடலைமிட்டாயோடு கொஞ்சம் காரச்சேவு, பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். வெயிலில் நடந்தவர் பேச்சுக் குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்க வைத்து உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நம்பிக்கை: வானம் வெளுத்திருக்கிறது, ஓடையில் இறங்கினால் ஒன்றும் ஆகாது.

உண்மை: ஓடைக்குத் தலைக்குமேல் இருக்கும் வானம் கணக்கில்லை. பெரியகுளத்தில் வெயில் காய்ந்தாலும், கொடைக்கானல் மலையில் மழை கொட்டினால் கும்பக்கரையில் வெள்ளம் வரும். மேகமலையில் பெய்த மழை சுருளியில் இறங்கும். வனத்துறை திடீரென்று குளிக்கத் தடை போடுவது இதனால்தான். 1997 ஆகஸ்ட் 12 அன்று, அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவில் 11 பேரை அடித்துச் சென்ற வெள்ளமும் தொலைவில் பெய்த மழையால் வந்தது. தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காமல் கரையேறிவிடுங்கள்.

நம்பிக்கை: காட்டுத்தீ வந்தால் மேட்டுக்கு ஓடிவிடலாம்.

உண்மை: மனிதனுக்கு மேடு சிரமம், தீக்கு மேடுதான் வசதி. சரிவில் ஏறும் சுவாலை, முன்னால் உள்ள புல்லின்மேல் சாய்ந்து, பற்றுவதற்கு முன்பே அதைச் சூடேற்றிக் காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியென்றால் 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலாகவே வீசும். ஆளுயரத்துக்கு வளரும் சுக்குநாறிப்புல்லில் எண்ணெயும் இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்து, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட புல் சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். தீயைக் கண்டால் அதன் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். புல் இல்லாத பாறைப் பரப்பும், ஏற்கெனவே எரிந்து கருகிய இடமும் பாதுகாப்பானவை. குறுகிய வறண்ட ஓடை புகைபோக்கி போலத் தீயை மேலிழுக்கும். அதற்குள் இறங்கக் கூடாது. நைலான் உடை உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தியே மேல்.

நம்பிக்கை: ஊர்க்காரர் அன்றாடம் போகிற பாதைதானே, அனுமதி எதற்கு?

உண்மை: ஊர்க்காரர் இருட்டோடு கிளம்புகிறார். ஊற்று எங்கே, யானைத்தடம் எங்கே என்று அவருக்குத் தெரியும். அவர் உடலும் அந்த வெயிலுக்குப் பழகியது. குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பவரின் உடல் வெயிலுக்குப் பழக ஓரிரு வாரமாவது ஆகும். வரைபடமும் ஓரளவுக்குத்தான் உதவும். குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம் உண்டு. பெயரைப் பார்த்து ரயிலையோ பேருந்தையோ எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய பழைய ரோப்வேயின் இடைநிலையம் அது.

2018-இல் தீயில் சிக்கியவர்களுக்கு அந்தப் பாதையில் செல்ல அனுமதி இல்லை என்று அரசு அப்போதே தெரிவித்தது. அனுமதியோடு போனால் மலைமேல் எத்தனை பேர், எந்த வழியில் இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரியும். தீ கண்ட அன்று பாதையை மூடவும் முடியும். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 பாதைகளுக்கு இணையப் பதிவு தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. கட்டணத்தோடு வழிகாட்டியும் வருவார். அவர் “போதும், திரும்பலாம்” என்று சொல்லும்போது உச்சி இன்னும் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.