ஒரே விலையில் இரண்டு ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: எதை எடுப்பது?



போன செமஸ்டர் லீவில் என் ரூம்மேட் இரண்டு சைக்கிள் படங்களை லேப்டாப்பில் அருகருகே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. ஒன்று ஜயன்ட் ஸ்டான்ஸ் 29, இன்னொன்று பாலிகன் சிஸ்கியூ டி7. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்டர்ன்ஷிப்பில் சேர்த்த பணம் மொத்தமும் இதில் போகும். தப்பா எடுத்துட்டா இன்னொரு தடவை வாங்க வழியே இல்லை.

"எதுடா நல்ல வண்டி?" என்று கேட்டான். கேள்வியை கொஞ்சம் மாத்திக் கேட்கணும்: "நான் ஓட்டுற பாதைக்கு எது?" நாம படிச்ச மெக்கானிக்ஸை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நான் எடுத்துக்கொண்டது 2021 மாடல்கள்.

1. டிராவல்

சக்கரம் மேலே எவ்வளவு தூரம் நகர முடியும் என்பதுதான் டிராவல். ஸ்டான்ஸில் முன்னால் 130 மி.மீ, பின்னால் 120. டி7-இல் 29 இன்ச் சக்கரத்துக்கு முன்னால் 140, பின்னால் 135.

வேலை = விசை × தூரம். ஒரு கல்லில் மோதும்போது வரும் அதே ஆற்றலை அதிக தூரத்தில் உள்வாங்கினால், உங்க மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் வரும் விசை குறையும். அப்போ அதிக டிராவல்தான் நல்லதா? இறக்கத்தில் ஆமாம். ஏற்றத்திலும் சமதளத்திலும் அப்படி இல்லை. பொதுவாக டிராவல் கூடக்கூட எடையும் கூடும், மிதிக்கும்போது வண்டி மேலும் கீழும் ஆடுவதும் கூடும்.

2. பின்பக்க லிங்க்

இரண்டுமே அடிப்படையில் சிங்கிள் பிவட். அதாவது பின் அச்சு, மெயின் பிவட்டைச் சுற்றி ஒரு வட்ட வில்லில்தான் நகரும். வித்தியாசம் என்னன்னா, டி7-இல் அச்சுக்கு மேலே சீட்ஸ்டேயில் ஒரு பிவட் இருக்கும். ஸ்டான்ஸில் அந்த இடத்தில் பேரிங்கே கிடையாது. குழாய் லேசாக வளைந்து கொடுக்கும். ஜயன்ட் இதை ஃப்ளெக்ஸ்பாயின்ட் என்கிறது. பேரிங் குறைந்தால் சேற்றில் ஓட்டிய பிறகு கழற்றி மாட்டும் வேலையும் செலவும் குறையும்.

3. லெவரேஜ் ரேஷியோ

பின் டிராவலை ஷாக்கின் ஸ்ட்ரோக்கால் வகுத்தால் சராசரி லெவரேஜ் ரேஷியோ கிடைக்கும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பையோட சேர்த்து நீங்க 70 கிலோ, அதில் 60% பின்சக்கரத்தில் என்றால் 42 கிலோ, அதாவது சுமார் 412 நியூட்டன். ரேஷியோ 2.5 என்றால் ஷாக்கில் விழுவது 1,030 நியூட்டன். சக்கரத்தில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு!

பயப்பட வேண்டாம். இரண்டிலுமே ஏர் ஷாக். உட்கார்ந்ததும் ஷாக் ஸ்ட்ரோக்கில் சுமார் 30% அமுங்கும்படி காற்று வைத்தால் போதும் (இதற்கு சேக் என்று பெயர்). 55 மி.மீ ஸ்ட்ரோக் என்றால் 16.5 மி.மீ. ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்தே அளக்கலாம். அதனால் "நான் குண்டு, நான் ஒல்லி" என்பதை வைத்து இந்த இரண்டுக்குள் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

4. ஜியாமெட்ரி, சைஸ்

டி7-இன் ஹெட் ஆங்கிள் 65.5 டிகிரி. ஸ்டான்ஸில் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். சாய்வு அதிகமானால் முன்சக்கரம் முன்னால் தள்ளிப் போகும். செங்குத்தான இறக்கத்தில் தைரியம் தரும். மெதுவாகப் போய் குறுகலாகத் திரும்பும்போது நிமிர்ந்த ஃபோர்க்தான் சுலபம்.

இதைவிட முக்கியம் சைஸ். கியரை மாத்தலாம், டயரை மாத்தலாம், ஃப்ரேமின் ரீச்சை மாத்த முடியாது. "ஆஃபர்ல எல் சைஸ்தான் இருக்கு தம்பி" என்று கடையில் சொன்னால், எம் சைஸ் ஆள் நன்றி சொல்லிட்டு வெளியே வந்துடணும்.

5. வாங்கிய பிறகு

ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஷாக்குக்கும் சீல் மாத்தும் செலவு வரும். அந்த வேலை தெரிந்த மெக்கானிக் உங்க ஊரில் யார், ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்க. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் பக்கத்தில் டீலர் உள்ள வண்டியே ஜெயிக்கும்.

முடிவு?

கல்லும் வேருமான இறக்கத்தில் அடிக்கடி ஓட்டுறவங்களுக்கு டி7. ஏற்றமும் மண்பாதையும் கலந்து நீண்ட தூரம் போறவங்களுக்கு ஸ்டான்ஸ். பெரும்பாலும் தார் ரோடுதான் என்றால் இரண்டும் வேண்டாம். அதே காசுக்கு ஹார்ட்டெயிலில் இன்னும் நல்ல பார்ட்ஸ் கிடைக்கும்.

என் ரூம்மேட்டிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து, கடைசி பத்து ரைடு எங்கே போனான் என்று எழுதச் சொன்னேன். எட்டு, ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரை. இரண்டுதான் மலை. பேப்பரைப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான். ஸ்டான்ஸ் என்று முடிவாச்சு. ஆனா ஹெல்மெட்டுக்கும் ஷாக் பம்புக்கும் அவன் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அதனால் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டான்.

நீங்களும் அந்தப் பத்து ரைடை எழுதிப் பாருங்க. அதுக்கப்புறம் கடைக்குப் போகலாம்!