கேனிஸ்டரைக் கழற்றினால் மைலேஜ் கூடுமா?

பெட்ரோல் காரில் டேங்கை ஒட்டியோ பின்சக்கரத்துப் பக்கத்திலோ, பழைய வண்டியானால் பானெட்டுக்குள்ளேயோ, கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதுதான் சார்க்கோல் கேனிஸ்டர். பாவம், வண்டியில் எது கெட்டாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது.

"அது சும்மா பொல்யூஷனுக்கு வெச்சது சார், தூக்கிப் போட்டா மைலேஜ் கூடும்." பொல்யூஷனுக்கு வைத்தது என்பது உண்மைதான். கலிபோர்னியா 1970 மாடல் கார்களிலேயே பெட்ரோல் ஆவிக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுக்க வந்தது. மைலேஜ் கணக்குதான் தலைகீழ். வெயிலில் நிற்கும் காரின் டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். டப்பாவுக்குள் இருக்கும் கரி அந்த ஆவியைப் பிடித்து வைக்கிறது. ஒரு கிராம் கரியின் நுண்துளைப் பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, வெளிக்காற்று கரிக்குள் புகுந்து ஆவியை இழுத்துக்கொண்டு சிலிண்டருக்குப் போகிறது, அங்கே எரிந்துவிடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தானே அது! டப்பாவைக் கழற்றினால் அது தெருவுக்குப் போகும். எஞ்சின் பக்க ஹோஸைத் திறந்தே விட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து ஐட்லிங் தடுமாறும். டேங்க் பக்கத்தை அடைத்தாலோ, உள்ளே அழுத்தமோ வெற்றிடமோ சேரும்.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட்டுல ஒண்ணும் காட்டலையே" என்பார்கள். எப்படிக் காட்டும்? அங்கே சைலன்சர் குழாயில்தான் கருவியை நுழைக்கிறார்கள். பெட்ரோல் ஆவியை அளக்க, காரை மூடிய அறையில் நிறுத்த வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி ஒரு சோதனைக்கு 2 கிராம்தான் வரம்பு.

கேனிஸ்டரை உண்மையில் கொல்கிற நம்பிக்கை பங்க்கில் இருக்கிறது. ஆட்டோ கட் ஆன பிறகும், "அண்ணே, ரவுண்டா போட்டுடுங்க." பெட்ரோல் மட்டம் நாசிலின் நுனித்துளையை எட்டியதும் கன் தானாக நிற்கும். அதற்கு மேல் இருக்கும் காலி இடம் பெட்ரோல் சூட்டில் விரிவதற்காக விட்டது. அதையும் நிரப்பினால் ஆவி போகிற வழியில் பெட்ரோலே போய்க் கரியை நனைக்கும். டேங்க் நிரப்பி வெளியே வந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, இரண்டு தெரு தாண்டி ஆஃப் ஆவது, பின்பக்கம் பெட்ரோல் வாடை வீசுவது எல்லாம் இதனால் இருக்கலாம். சில்லறைப் பாக்கி வராமலிருக்க ரவுண்டாகப் போட்டதற்குக் கேனிஸ்டர் விலை தண்டம்.

செக் எஞ்சின் லைட் எரிந்ததும் கேனிஸ்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அமெரிக்க விதிப்படி செய்த கார்கள் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கும். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலே லைட் போடும். எந்த ஊர் காரானாலும் மூடியின் ரப்பர், வெடித்த ஹோஸ், பர்ஜ் வால்வு என்ற வரிசையில் பார்ப்பதுதான் முறை. பெரும்பாலான கார்களில் கரண்ட் இல்லாதபோது அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். கழற்றிக் காற்று விட்டால் மறுபக்கம் வருகிறதா? கோளாறு அங்கேதான்.

ஏர் ஃபில்டர் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டிய பொருளும் இல்லை இது. கழுவிக் காயவைத்தும் தேறாது. கரியை மட்டும் மாற்றலாம் என்று ஒரு யோசனை உண்டு. கோவை, காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியில் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் தண்ணீர் ஃபில்டருக்கு அருமையானது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை, பிடித்த ஆவியை லேசில் விடாது. கேனிஸ்டருக்குப் பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். அதனால் பெரும்பாலும் மரக்கரிதான் போடுகிறார்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. மூடியை முதலில் திறந்து அழுத்தத்தை விடுங்கள். எந்த ஹோஸ் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிளிப்புகள் பட்டென்று உடையும். பர்ஜ் ஹோஸைத் தட்டிப் பாருங்கள். கறுப்பாகக் குருணை கொட்டினால் டப்பா உள்ளுக்குள் உடைந்து கரி வெளியேறியிருக்கிறது. லைனைச் சுத்தமாக ஊதி, பர்ஜ் வால்வையும் சேர்த்து மாற்றாவிட்டால், மிச்சமுள்ள குருணை வால்வில் சிக்கி அதே லைட் மறுபடியும் எரியும்.