அழகரைப் பார்க்க வருகிறீர்களா?

முதலில் பஞ்சாங்கத்தில் சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். அன்று விடியற்காலையில்தான் அழகர்கோவில் பெருமாளான கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவார். இரண்டு நாள் முன்பாகவே மதுரைக்கு வந்துவிடுங்கள். அறை தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். ரயிலடிப் பக்கம் என்றால் அது ஆற்றுக்குத் தென்கரை; அழகர் வருவதோ வடகரைக்கு. அவர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின இரவில் ஆட்டோவை நம்ப முடியாது, நடைதான்.

வெளியூர்க்காரர்கள் பலரும் ஆற்றில் இறங்குவதை மட்டும் பார்க்க வருகிறார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் போனேன். நாலு மணி நேரம் நின்று பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவரின் பிடரியும் அவர் தோளில் இருந்த பிள்ளையின் பலூனும்தான்.

அதனால் முந்தின நாள் எதிர்சேவைக்குப் போய்விடுங்கள். அழகர்கோவிலிலிருந்து கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்போடு கள்ளர் கோலத்தில் வருகிறவரை மதுரை ஜனம் மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைக்கும். வழியெல்லாம் அவர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகள், ஒவ்வொன்றிலும் பல்லக்கு நிற்கும். பல்லக்கின் பின்னால் ஓட வேண்டாம். இரண்டு மண்டகப்படி தள்ளி முன்கூட்டியே போய் நின்றுகொண்டால் அழகரே உங்களிடம் வருவார்.

பக்கத்தில் நிற்கும் பெண்கள் கையில் பித்தளைச் செம்பு இருக்கும். உள்ளே சர்க்கரை, வாயை மூடி வாழையிலை, அதன்மேல் எரியும் சூடம். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள், அதனால் நைலான், பாலியஸ்டர் வேண்டாம், பருத்தியே உடுத்துங்கள். சூடம் அணைந்தபின் ஒரு சிட்டிகைச் சர்க்கரை நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டுதான் அழகர் குதிரை ஏறுகிறார்.

ஆற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் நள்ளிரவிலேயே கிளம்புங்கள். ஆனால் இறங்கும் இடத்துக்கு நேரே போய் நிற்காதீர்கள். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பின்னால் வெளியேற வழி இருக்கும் இடமாகப் பாருங்கள். சிறுபிள்ளைகளை அறையிலேயே விட்டு வருவது நல்லது. செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்: அழகர் வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள், ஆள் பார்க்க மாட்டார்கள். செருப்பு தொலையும், பழையதாகவே போட்டு வாருங்கள்.

அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதுதான் பேச்சு; எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: “என்ன பட்டு?” பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சலுக்குக் குறைவில்லை என்று கிழவர்கள் அடித்துச் சொல்வார்கள்.

அதோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய அழகரின் தசாவதாரக் கோலங்கள். ஒரு பழைய போர்வையை விரித்து உட்காருங்கள். பக்கத்துக் குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உங்களுக்கும் ஒரு பிடி வரும்.