ஆல்ப்ஸ் மலையில் பைக் பயணமா? முதலில் உங்கள் இடுப்பைக் கேளுங்கள்!

"சித்த வைத்தியருக்கும் மோட்டார் பைக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் டூ வீலர்காரர்கள் ஒரு பெரிய கூட்டம். இதில் இப்போது புது ரகம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மகனோ மகளோ ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ வேலையில் இருப்பார்கள். பார்க்கப் போகும் அப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 'வந்ததுதான் வந்தோம், வாடகைக்கு ஒரு பைக் எடுத்து ஆல்ப்ஸை ஒரு ரவுண்டு அடிச்சிடலாமே' என்று ஆசை பிறக்கும்.

ஆசையில் தப்பே இல்லை. வண்டியின் பேரையும் என்ஜினையும் பார்த்து பைக்கை எடுக்கிறார்களே, அதுதான் தப்பு. அளந்து பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? பத்து நாள் உட்காரப்போகிற வண்டிக்கு மட்டும் அளவு வேண்டாமா?

குலுக்கல், குளிர்காற்று, நேரம் தவறிய சாப்பாடு, அடக்கி வைத்த சிறுநீர் - இவை வாதத்தைக் கிளப்பும் என்பது சித்த மருத்துவத்தின் பால பாடம். நீண்ட பைக் பயணத்தில் இந்த நான்கும் ஒன்றாகக் கைகோத்து வரும். வண்டி சரியாக அமைந்தால் முதல் இரண்டும் பாதியாகக் குறையும். மற்ற இரண்டும் உங்கள் கையில்.

உட்காரும் தோரணையிலிருந்து தொடங்குவோம். படத்தில் பார்த்திருப்பீர்கள்... காலை முன்னால் நீட்டி, முதுகைச் சாய்த்து, சோபாவில் உட்கார்ந்த மாதிரி ஓட்டும் க்ரூஸர் பைக். 'இதுதான் சார் நம்ம வயசுக்குச் சுகம்' என்பார்கள். முதல் அரைமணி நேரத்துக்குச் சுகம்தான். ஆனால் கால் முன்னால் போனதும் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிகிறது. கீழ் முதுகில் இருக்க வேண்டிய இயற்கையான வளைவு தட்டையாகிறது. உடம்பின் எடை முழுவதும் வால் எலும்புப் பக்கம் இறங்குகிறது. பள்ளம் வந்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கவும் முடியாது. ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக முதுகெலும்புக்குத்தான். ரேஸ் பைக்கில் வேறு வம்பு. முன்னால் கவிழ்ந்து ஓட்டுவதால் மணிக்கட்டும் கழுத்தும் பாரம் சுமக்கும்.

நமக்கு ஏற்றது நிமிர்ந்து உட்காரும் வண்டி. அட்வென்ச்சர் பைக் என்றும் டூரிங் பைக் என்றும் சொல்கிற ரகம். உட்கார்ந்தால் பாதம் இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்க வேண்டும். முழங்கால் செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும். ஹேண்டில் பாரைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அது உங்கள் வண்டி அல்ல.

ஆனால் இந்த ரகத்திலும் ஒரு பொறி இருக்கிறது - உயரம்! ஆல்ப்ஸில் எங்கு பார்த்தாலும் ஓடுகிற வண்டி பி.எம்.டபிள்யூ. ஜி.எஸ். அதன் ஆர் 1300 மாடலில் சீட் உயரம் சாதாரணமாக 85 சென்டிமீட்டர், எடை 237 கிலோ. ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ள நம் ஊர்க்காரர் ஏறி உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையைத் தொடும். மேலே மனைவி, பெட்டி, சாமான்! சரிவான சாலையில் நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் தாங்கிப் பிடிப்பது யார்? பெருமைக்குப் பெரிய வண்டி எடுப்பது, வாடகை கொடுத்து இடுப்புப் பிடிப்பு வாங்குவது மாதிரி.

வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நேராக நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே நன்றாக மேலே தள்ளிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர்? அதுதான் உங்கள் கால் நீளம். சீட் உயரம் இதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஹோண்டா என்.சி. 750 எக்ஸின் சீட் 80 சென்டிமீட்டர். கிளட்ச் பிடிக்க வேண்டாத தானியங்கி கியர் அதிலேயே கிடைக்கிறது. இடது மணிக்கட்டில் வலி உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் நம்ம ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ம் ஐரோப்பாவில் விற்பனையாகிறது. எடை 196 கிலோ, சீட் உயரம் 82.5 சென்டிமீட்டர். ஒருவர் மட்டும் போவதற்கு அடக்கமான வண்டி. ஒற்றை சிலிண்டர் என்பதால் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். விரல் மரத்துப்போகிற சுபாவம் உள்ளவர்கள் இரட்டை சிலிண்டர் வண்டி பார்ப்பது நல்லது. பல மாடல்களுக்குத் தாழ்வான சீட் தனியாக உண்டு. புக் செய்யும்போதே உயரத்தையும் கால் நீளத்தையும் எழுதிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 'மெத்துனு இருக்கு' என்று மயங்காதீர்கள். புது இலவம்பஞ்சு மெத்தை நாலு நாளில் அமுங்கிக் குழி விழுவது போல, மெத்தென்ற சீட் ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். பிறகு பலகையில் உட்கார்ந்த கதைதான். கொஞ்சம் கெட்டியான, அகலமான சீட்டே தாங்கும். மூலத் தொந்தரவு உள்ளவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

இப்போது குளிர். இத்தாலியில் ஸ்டெல்வியோ என்று புகழ்பெற்ற கணவாய்ச் சாலை இருக்கிறது. உயரம் 2,757 மீட்டர். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 'கொல்லிமலையில் 70 பார்த்தாச்சு' என்று சிரிப்பீர்கள். ஆனால் கொல்லிமலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரம் அது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்து ஊரில் சட்டையோடு திரிந்த அதே மதியம், கணவாயின் உச்சியில் பல் கிட்டும். விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஆகவே நெஞ்சை மறைக்கும் உயரமான கண்ணாடி, கைப்பிடியிலேயே சூடு தரும் வசதி, இரண்டும் இருக்கிற வண்டியாகக் கேளுங்கள். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது ஆடம்பரம் இல்லை.

மனைவியும் வருகிறாரா? அப்படியானால் அவரும் அந்த சீட்டில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். முழங்கால் தேய்மானம் உள்ள பெண்களுக்கு உயரமான பின் சீட்டில் காலைத் தூக்கிப் போடுவதே தண்டனை. கால் வைக்கும் இடம் ரொம்ப மேலே இருந்தால் முழங்கால் மடங்கியே கிடக்கும். பின்னால் பெட்டி இருந்தால் முதுகு சாய்க்க உதவும். அங்கே போய், 'நீ பேசாம உட்காரு' என்று சொல்லிப் பயனில்லை.

வண்டியை எடுக்கிற அன்று, ஸ்டாண்டில் நிற்கும்போதே பத்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: மணிக்கட்டு என்ன சொல்கிறது? முழங்கால்? கழுத்து? பத்து நிமிடத்தில் முணுமுணுக்கிற இடம் பத்தாவது நாளில் கத்தும். ஹேண்டில் பாரையும் பிரேக் லீவரையும் கொஞ்சம் திருப்பி வைத்துத் தரச் சொல்லலாம், தருவார்கள். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் நாள் குறைந்த தூரமே போதும்.

கியர் மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸோடு, நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்க வேண்டும். ஒரு வருடம்தான் செல்லும். மற்ற விவரங்களை வாடகைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் போகக்கூடாது? இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்வது போல வலி உள்ளவர்கள், அது அடங்கும் வரை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள். பின் பிரேக் காலில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, சட்டைப் பையில் சர்க்கரை இருக்க வேண்டும். வழியில் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, கால் வலுவிழந்தாலோ எண்ணெய் தேய்த்துப் பார்க்கிற வேலையே கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அந்த நாடுகளில் அவசரத்துக்கு 112.

நம் சித்தர்கள் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்றார்கள். குளிர் நாட்டில் சிறுநீர் அடிக்கடி வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் லேசாக வளைந்து, பத்து நிமிடம் நடங்கள்.

ராத்திரி தங்கும் இடத்தில், வெதுவெதுப்பான நல்லெண்ணெயை இடுப்பிலும் முழங்காலிலும் தேய்த்து, அரைமணி கழித்து வெந்நீரில் குளித்தால் நன்றாகத் தூக்கம் வரும். எண்ணெய் பாட்டிலை விமானத்தில் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டியில் பாலிதீன் உறையில் சுற்றி வையுங்கள். பழைய துண்டு ஒன்றும் கூடவே. ஓட்டல் துண்டில் எண்ணெய்க் கறை பட்டால் பில்லில் அதையும் சேர்த்துவிடப் போகிறார்கள்!