எக்ஸ்ரே சொல்லும் எடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: எக்ஸ்ரே தொலைநோக்கி வானத்தை நோக்கி எக்ஸ்ரே பாய்ச்சிப் படம் எடுக்கிறது.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஏதாவது ஸ்கேன் சென்டரில் நெஞ்சை ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. அங்கே கருவி கதிரைப் பாய்ச்சுகிறது, எலும்பு மறிக்கிறது. வானத்தில் யாரும் எதையும் பாய்ச்சுவதில்லை. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் ஈர்ப்பால் கட்டுண்ட கொத்துகளில், அவற்றுக்கு இடையே நிரம்பிய வாயு தானாகவே எக்ஸ்ரே விடுகிறது. கருவி அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: காவலூர் போல மலைமேல் பெரிய தொலைநோக்கி இருந்தால் போதும்.

போதாது. காற்றுமண்டலம் இந்தக் கதிரைத் தடுத்துவிடும் (நமக்கு அது நல்லதுதான்). அதனால்தான் செயற்கைக்கோள். 1970 டிசம்பரில் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட உஹுரு, கொத்துகள் எக்ஸ்ரேயில் ஒளிர்வதைக் காட்டியது. 1999-ல் போன நாசாவின் சந்திராவுக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். நம் ஆஸ்ட்ரோசாட் 2015-ல் பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

நம்பிக்கை: கொத்தின் எடை என்பது அதிலுள்ள கேலக்ஸிகளின் எடை.

பலரும் சறுக்கும் இடம் இது. நட்சத்திரங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் நூற்றுக்குச் சில பங்குதான். வாயு 10 முதல் 15 பங்கு. மற்றதெல்லாம் கண்ணுக்கோ கருவிக்கோ அகப்படாத கரும்பொருள். கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, தெரிகிற பொருள் இவற்றைப் பிடித்துவைக்கப் போதாது என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933-லேயே சொன்னார்.

தெரியாத பொருளை எப்படி எடை போடுவது? வாயுவின் சூட்டை வைத்து. பெரிய கொத்துகளில் அது 10 கோடி டிகிரியைத் தொடும். இத்தனை சூட்டில் வாயு சிதறி ஓடத்தான் பார்க்கும். ஓடாமல் ஈர்ப்பு இழுத்து நிறுத்துகிறது. சூடு எவ்வளவு, மையத்திலிருந்து விலக விலக வாயு எப்படி மெலிகிறது என்று தெரிந்தால் அழுத்தம் கிடைக்கும். அந்த அழுத்தத்தை அடக்க எவ்வளவு நிறை வேண்டும் என்பது அதற்கப்புறம் கணக்கு. சூட்டைச் சொல்வது எக்ஸ்ரே நிறமாலை. அதில் இரும்பு அணுக்களின் கோடுகூடத் தனியாகத் தெரியும். 10 கோடி டிகிரி என்றதும் உலைக்களம் என்று எண்ண வேண்டாம். மையத்தைத் தாண்டிய பகுதியிலிருந்து, ஆவடியில் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறை நிறைய இந்த வாயுவைக் கொண்டுவந்தால், ஓரிரு லட்சம் துகள்கள் தேறுவதே பெரிது.

விடை: 100 லட்சம் கோடி சூரியன்கள், சிலவற்றில் அதைப் போலப் பத்து மடங்கு.

நம்பிக்கை: எக்ஸ்ரே கணக்கு பிசகாது.

பிசகும். வாயு அமைதியாக அடங்கியிருக்கிறது என்ற அனுமானத்தில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. வாயு கொந்தளித்தால், அந்த ஓட்டமும் ஈர்ப்பை எதிர்த்துத் தாங்கும். சூட்டை மட்டும் பார்த்தவருக்கு எடை 10 முதல் 30 சதவீதம் குறைவாகத் தெரியலாம் என்கின்றன கணினிக் கணிப்புகள். ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள், 2016-ல் செயலிழப்பதற்கு முன் பெர்சியஸ் கொத்தின் நடுப்பகுதியை அளந்தது. வாயுவின் வேகம் விநாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர்தான். கொந்தளிப்பு தரும் அழுத்தம், சூடு தரும் அழுத்தத்தில் 4 சதவீதம். அங்கே கணக்கு தேறியது. எல்லாக் கொத்தும் பெர்சியஸ் அல்ல. புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் மோதி, வாயு நடுவில் தேங்க, நிறையின் பெரும்பகுதி கேலக்ஸிகளோடு விலகிப் போயிருப்பதை 2006-ல் காட்டினார்கள். எக்ஸ்ரே பளிச்சென்று தெரியும் இடம் ஒன்று, எடை இருக்கும் இடம் வேறொன்று!

நம்பிக்கை: இதெல்லாம் வெறும் அண்டக் கணக்கெடுப்பு.

எந்தக் காலத்தில், எந்த எடையில், எத்தனை கொத்துகள் உருவாகியிருந்தன என்பது பிரபஞ்சத்தில் பொருள் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதனால் எடை தப்பினால் எல்லாமே தப்பும். 2019-ல் ஏவப்பட்ட ஈரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கி, பாதி வானில் 12,247 கொத்துகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 5,259-ஐ வைத்துப் பிரபஞ்சக் கணக்குப் போட்டபோது ஈரோசிட்டா குழு எக்ஸ்ரேயை மட்டும் நம்பவில்லை. கொத்தின் ஈர்ப்பு, பின்னாலுள்ள கேலக்ஸிகளின் உருவத்தை வளைக்கும் அளவைத் தரைத் தொலைநோக்கிகளிலிருந்து எடுத்து, எடையைச் சரிபார்த்தார்கள். 2024-ல் வந்த விடை: பிரபஞ்சத்தில் பொருளின் பங்கு சுமார் 29 சதவீதம்.